மாரியில் ஒருதரம் வந்து பாருங்கள்: கல்லடிப் பக்கம் குடியேற நினைப்பவர்களுக்கு

2010ஆம் ஆண்டு ஆடி மாதம் மட்டக்களப்பு நாவற்குடாவில் வாவிப் பக்கமாக ஒரு வளவு பார்த்தோம். 20 பேர்ச். கச்சான் காற்று அடிக்கிற நாட்கள், நிலம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. வேலியோரம் இரண்டு தென்னை. பின்வேலியில் நின்றால் வாவியும் அதற்கு அப்பால் படுவான்கரை மரங்களும் தெரியும். அம்மா தென்னைக்குக் கீழே போய் நின்று, "இந்த இடத்தில ஒரு கொட்டில் போட்டுத் தந்தாலும் நான் இருப்பன் மகள்" என்றார். அன்றைக்கே முற்பணம் கொடுத்துவிட்டோம்.

2011 தையில் மட்டக்களப்பில் பெருவெள்ளம். மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் கணவர் அந்த வளவைப் பார்க்கப் போனார். முழங்காலுக்கு மேல் தண்ணீர். எல்லைக் கல் நான்கில் ஒன்றுகூடத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சாமான்களைக் கட்டிலின் மேல் அடுக்கிவிட்டுப் பாடசாலையில் போய்த் தங்கியிருந்தார். "தம்பி, இது புதுசில்ல. பெரிய மழை வந்தா இப்பிடித்தான். மறுகா தானா வடிஞ்சிரும்" என்றாராம். ஆடியில் நாங்கள் அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

வாங்காமல் விலகினோம், முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. பிறகு 2012இல் நொச்சிமுனையில் 14 பேர்ச் வாங்கி, அடுத்த வருடம் சிறிய வீடு கட்டிக் குடிவந்தோம். நான் வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் 22 வருடம் வேலை செய்தவள். ஊராரின் காணி உறுதிகளை வரி வரியாக வாசிக்கத் தெரிந்தும் சொந்தக் காணி விடயத்தில் தவறினேன். அதனால்தான் இப்போது யார் கேட்டாலும் பொறுமையாக உட்கார்ந்து சொல்கிறேன். சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது.

ஏன் எல்லோரும் இந்தப் பக்கம் வரப் பார்க்கிறார்கள்

கல்லடி, உப்போடை, நொச்சிமுனை, நாவற்குடா என்று நீளும் இந்த நிலம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல் பட்டை. சூரியன் எழுகிற பக்கம் என்பதால் எழுவான்கரை. வாவிக்கு அந்தப் பக்கம், வயலும் குளமுமாக இருப்பது படுவான்கரை. என் கணவர் படுவான்கரையில் பிறந்தவர். அவருக்கு இன்றைக்கும் மாலையில் வாவிக்கரையில் நின்று தன் ஊர்ப்பக்கம் சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டும்.

பாலத்தைத் தாண்டினால் பட்டணம். 1924இல் கட்டிய பழைய லேடி மனிங் பாலத்தில் ஒரு வாகனம் வந்தால் எதிரில் வருவது காத்து நிற்க வேண்டிய காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகுதான் கல்லடிப் பக்கத்தின் நிலை மாறியது. போதனா வைத்தியசாலைக்கும் பட்டணத்துப் பாடசாலைகளுக்கும் சில நிமிடங்களில் போய்விடலாம் என்று ஆனதும் டாக்டர்மார், பொறியியலாளர்கள், கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் என்று பலர் இங்கே காணி தேடினார்கள். விலையும் ஏறியது. இப்போது மாடி வீடுகளும் உயரமான மதில்களும் நிறைய.

பிள்ளைகளுக்கு நல்ல இடம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சனி, ஞாயிறு மாலையில் கடற்கரை முழுக்கக் குடும்பங்கள். பழைய பாலத்தில் தூண்டில் போடுகிறவர்கள். முழுநிலா இரவில் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் மறுமுனையைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். என் மூத்த மகள் எட்டு வயதில் கேட்டாள். நரம்பை மீட்டினது போல இருந்தது என்று அன்றிரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் "கல்லடிப் பக்கம்" என்ற பெயரை நம்பி மட்டும் காணி வாங்கக் கூடாது. ஒரே வீதியில் ஐம்பது யார் தள்ளினால் நிலம் வேறு, தண்ணீர் வேறு.

முதலில் வெள்ளம்

ஐப்பசிக்குப் பிறகு மழை தொடங்கும். கார்த்திகை, மார்கழி, தை மூன்றும்தான் நமக்கு மாரி. வாங்க நினைக்கிற காணியை அந்த மாதங்களில், விடாமல் மழை பெய்கிற மூன்றாவது நாளில் போய்ப் பாருங்கள். முதல் நாள் போனால் மணல் எல்லாவற்றையும் குடித்துவிடும், ஒன்றும் தெரியாது. மூன்றாவது நாள் நிலத்தடித் தண்ணீர் மேலே வந்துவிடும். அப்போது வளவில் தேங்குகிற தண்ணீர் சுலபமாகப் போகாது.

மாரிவரை காத்திருக்க முடியாது என்றால் எதிர்வீட்டில் இருக்கிற வயதான அம்மாவிடம் போய்க் கேளுங்கள். "இங்கே வெள்ளம் வருமா?" என்று கேட்டால் "அப்பிடி ஒண்டுமில்லை" என்றுதான் பதில் வரும்; தன் ஊரைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. "2011 வெள்ளத்தில் உங்கள் வீட்டில் எந்தப் படிவரை தண்ணீர் வந்தது?" என்று கேளுங்கள். கையால் காட்டிச் சொல்வார்கள். நொச்சிமுனைக் காணிக்கு நான் இப்படி மூன்று வீடுகளில் கேட்டேன். மூவரும் தனித்தனியாக, முற்றத்துக்கு வந்தது, படி ஏறவில்லை என்றார்கள். அதை வைத்துத்தான் வீட்டின் அத்திவாரம் எவ்வளவு உயரம் என்று மேசனோடு பேசினோம்.

கண்ணால் பார்க்க வேண்டியவையும் உண்டு. பழைய மதிலில் பழுப்பு நிறக் கோடு ஒன்று நேராக ஓடினால் அது தண்ணீர் நின்ற மட்டம். வளவில் கோரைப்புல் அடர்த்தியாக இருந்தால் அங்கே வருடத்தில் பல மாதம் ஈரம் நிற்கிறது. புதிதாகக் கிறவல் பரப்பியிருந்தால் அதற்குக் கீழே என்ன இருந்தது என்று கேளுங்கள். வாவியோரத்தில் சில இடங்கள் கண்டல் மரங்களை வெட்டி நிரப்பியவை. அப்படிப்பட்ட காணி வாவிக்கான ஒதுக்கு நிலமாகவும் இருக்கலாம். அதற்குள் போகவே போகாதீர்கள்.

வீதியையும் பாருங்கள். ஒழுங்கைகளுக்குக் கொங்கிறீட் போடும்போது ஒவ்வொரு தடவையும் வீதி உயர்கிறது, வளவு கீழே போகிறது. இரண்டு பக்கமும் அயலவர் மண் போட்டு உயர்த்தியிருந்தால் நடுவில் இருக்கிற உங்கள் வளவு கிண்ணம் மாதிரி. வடிச்சல் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே போய் விழுகிறது என்று கால்நடையாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எங்கள் ஒழுங்கையின் வடிச்சலை ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக மூடித் தன் வளவோடு சேர்த்தார். அடுத்த மாரியில் ஒன்பது வீட்டு முற்றத்தில் தண்ணீர். பிறகு எல்லோரும் போய்ப் பேசித் திறக்க வைத்தோம்.

இன்னொன்று. நம் வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். மழை கூடும்போது படுவான்கரை ஆறுகளின் தண்ணீரெல்லாம் அதற்குள்தான் வருகிறது. முகத்துவாரத்தில் மணல் மூடியிருந்தால் தண்ணீர் கடலுக்குப் போகாமல் வாவி மட்டம் ஏறும். முகத்துவாரத்தை வெட்டி விட்ட பிறகுதான் இறங்கும். வாவிக்கரை வளவு வாங்குகிறவர் இதைத் தெரிந்துதான் வாங்க வேண்டும். வாவி தெரிகிற வீடு அழகு. எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் அம்மாவையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு இரவில் வெளியேற வேண்டி வந்தால் என்ன செய்வது என்று யோசித்தபோது அந்த ஆசை போய்விட்டது.

கடல் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கடல்கோள் வந்த 2004 மார்கழி 26ஐ மறக்காதீர்கள். நாவலடியிலும் டச்பாரிலும் நம் கல்லடித் திருச்செந்தூரிலும் போன உயிர்களை இந்த ஊர் இன்னும் ஒவ்வொரு வருடமும் நினைத்து விளக்கேற்றுகிறது. திருச்செந்தூர் முருகன் கோவில் கோபுரம் அன்று சாய்ந்தது. கடலுக்குக் கிட்ட கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். "எல்லாரும் கட்டியிருக்கிறார்கள்" என்று தரகர் சொன்னால் அது அனுமதி ஆகாது. வீட்டிலிருந்து கடலுக்கு எதிர்ப்பக்கமாக ஓட இரண்டு வழி இருக்க வேண்டும், அதில் ஒன்று பாலத்தை நம்பியிராமல் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அந்த வழிகளை நடந்து காட்டி வையுங்கள். உப்புக் காற்றில் இரும்பு படலையும் யன்னல் கம்பியும் சில வருடத்திலேயே துருப்பிடித்து உதிரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கிணறு

கோடை முடிகிற புரட்டாதியில் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். மாரியில் எல்லாக் கிணறும் இனிக்கும். புரட்டாதியில் கரிக்காத கிணறுதான் கிணறு. அந்தத் தண்ணீரில் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

மணல் நிலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மலகூடக் குழியின் கழிவு மணலுக்குள் வேகமாக இறங்கிப் பரவும். கிணற்றுக்கும் குழிக்கும் ஆகக் குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். 10 பேர்ச் காணியில் உங்கள் குழியை அப்படித் தள்ளி வைத்தாலும், பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்குப் பத்தடியில் இருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருகிறது. குடிக்கவும் சமைக்கவும் அதை எடுங்கள், கிணறு குளிக்கவும் மரங்களுக்கும் போதும். குழாய் இணைப்பு அந்த ஒழுங்கைக்குள் வந்திருக்கிறதா என்று வாங்கும் முன்னரே பாருங்கள்.

ஒழுங்கையை மூன்று தடவை நடந்து பாருங்கள்

காலை ஏழு மணிக்கு ஒருதரம், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு. பாடசாலைக்குப் போகிற வழியில் கல்முனை வீதியைக் கடக்க வேண்டி வருமா, அந்த நேரத்தில் பஸ்கள் எப்படி ஓடுகின்றன என்று தெரியும். பகல் ஒன்றரை மணிக்கு ஒருதரம், பாடசாலை விட்டு வருகிற நேரம். நிழல் இருக்கிறதா? சித்திரை வெயிலில் ஏழு வயதுப் பிள்ளை புத்தகப் பையோடு அந்தத் தூரத்தை நடக்க முடியுமா?

மூன்றாவது, இரவு ஏழரை மணிக்கு. டியூசன் முடிந்து பெண்பிள்ளைகள் சைக்கிளில் வருகிற நேரம் அது. விளக்கு எரிகிற வீடுகளை எண்ணுங்கள். நான் பார்த்த ஒரு ஒழுங்கையில் பதினொரு வீடுகள், எல்லாம் பெரிய மாடி வீடுகள், டைல்ஸ் போட்ட முகப்பு. நான்கில் மட்டும் விளக்கு. மற்றவையெல்லாம் வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகள், வருடத்தில் ஒரு மாதம் கோவில் திருவிழாவுக்கு வந்து திறப்பார்கள். பகலில் பார்த்தபோது அந்த ஒழுங்கைதான் எல்லாவற்றிலும் அழகாக இருந்தது. இரவில் என் மகளை அதில் தனியாக விட மனம் ஒப்பவில்லை. இப்போது நாங்கள் இருக்கிற ஒழுங்கையில் சுமாரான வீடுகள்தான். ஆனால் எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறது. இருட்டினாலும் முற்றத்தில் யாராவது கதைத்துக்கொண்டு இருப்பார்கள். வசதியான இடம் என்று நான் நினைப்பது இதைத்தான். பாண் ஆட்டோ எத்தனை மணிக்கு வரும், சுகமில்லாத கிழவி யார், புதிதாக நிற்கிற மோட்டார் சைக்கிள் யாருடையது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

பாடசாலையைப் பற்றி முக்கியமான ஒரு விடயம், இதில் நாங்கள் பட்டோம். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது வசிப்பிடப் பிரிவில் வாக்காளர் இடாப்பைப் பார்க்கிறார்கள். விண்ணப்பிக்கும் வருடத்துக்கு முந்திய ஐந்து வருடம் அந்த முகவரியில் பெயர் இருந்தால் முழுப் புள்ளி. வருடம் குறையக் குறையப் புள்ளி குறையும். விண்ணப்பிக்கிற பாடசாலையைவிட உங்கள் வீட்டுக்குக் கிட்ட வேறு பாடசாலைகள் இருந்தாலும் புள்ளி வெட்டுப்படும். நாங்கள் 2013இல் குடிவந்து அதே வருடம் மூத்தவளுக்கு விண்ணப்பித்தோம். எங்கள் பெயர் இன்னும் பழைய முகவரி இடாப்பில்தான் இருந்தது. கிட்ட இருந்த பாடசாலை கிடைக்கவில்லை. ஐந்து வருடம் அவள் வானில் பாலம் தாண்டிப் போய் வந்தாள். இளையவள் 2013இல் பிறந்தவள், அவளுடைய முறை வந்தபோது ஐந்து வருடப் பதிவு இருந்தது, சிக்கல் இல்லை. ஆகவே குடிவந்த கையோடு கிராம உத்தியோகத்தரிடம் போய்ப் பெயரைப் பதியுங்கள். வீடு கட்டி முடியவில்லை, வாடகைக்குத்தான் இருக்கிறோம் என்றாலும் பதியுங்கள். பிள்ளை பிறந்த வருடத்திலேயே இதைச் செய்ய வேண்டும்.

கடை, சந்தை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எல்லாம் கிட்டத்தான். துணிக்குக் காத்தான்குடி, மற்றதெல்லாம் ஒழுங்கை முனையிலேயே. வாவி இறாலும் நண்டும் காலையில் சைக்கிளில் வரும்.

உறுதி

இந்த நாட்டில் 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது: காணி விற்பனை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்ததை உறுதி என்று யாராவது காட்டினால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். என் மேசைக்கு அப்படி வந்த கோப்புகள் கொஞ்சநஞ்சமில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய காணிக்குக் கடன் கேட்டு வருவார்கள், அதைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் சார்பில் ஒரு நொத்தாரிசை வைத்துக் காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்குத் தேடச் சொல்லுங்கள். விற்பவரின் நொத்தாரிசே போதும் என்று மிச்சம் பிடிக்க வேண்டாம். அடகு, வழக்கு, ஏற்கெனவே எழுதிய நன்கொடை எல்லாம் அந்தப் பதிவில்தான் தெரியும். அனுமதிப்பத்திரக் காணி என்றால் அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தது. அதை உறுதிக் காணி போல விற்க முடியாது. பிரதேச செயலகத்தில் கேட்காமல் அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போரினாலும் கடல்கோளாலும் இடம்பெயர்ந்து போனவர்களின் காணிகள் இங்கே நிறைய. பத்து வருடத்துக்கு மேல் வேறொருவர் இருந்து ஆட்சியுரிமை கேட்கிற காணியும் உண்டு. காணியில் இப்போது யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு யார் இடம் கொடுத்தது என்று அயலில் விசாரியுங்கள். நில அளவையாளரைக் கூட்டிப்போய்ப் பழைய பிளானை வைத்து எல்லைக் கல்லைக் காட்டச் சொல்லுங்கள். வேலி எல்லா நேரமும் எல்லையில் இருக்காது.

மகளுக்கென்று வாங்குகிறீர்கள் என்றால்

நம் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். என் கணவரும் அப்படித்தான் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் அம்மாவின் வீட்டுக்கு வந்தார். அதனால் இங்கே காணி வாங்குகிற தாய் தகப்பன் இன்னும் முப்பது வருடத்துக்குப் பிறகு அந்த முற்றத்தில் நிற்கப் போகிற மகளுக்கு அயலவரைத் தேடுகிறார்கள். எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். 14 பேர்ச்சை எப்படி இரண்டாகப் பிரிப்பது என்று வீடு கட்டும்போதே யோசித்து, வீட்டை ஒரு பக்கமாக ஒதுக்கி, மற்றப் பக்கத்துக்குத் தனிப் பாதை விட்டோம். நடுவில் கட்டிவிட்டுப் பின்னர் அக்கா தங்கை ஒரு பாதைக்காக முகம் முறிந்த குடும்பங்களை நான் அறிவேன்.

சீதன உறுதி எழுதும்போது உங்கள் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கிற உரிமையை, வைத்து எழுதுங்கள். மகள் மீது நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. மகளுக்குக் கடன் வந்தால், மணவாழ்வில் ஏதும் நடந்தால், வயதான காலத்தில் நீங்கள் இருக்கிற கூரை உங்களுடையதாக இருக்க வேண்டும். அம்மா என் பெயருக்கு எழுதியபோது சீவிய உரித்து வேண்டாம் என்றார். நான்தான் வற்புறுத்தி எழுத வைத்தேன்.

குடிவந்த முதல் வருடம்

மதிலை உடனே கட்டாதீர்கள். ஒரு மாரி போகட்டும். தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகிறது என்று பார்த்த பிறகு, அது போகிற இடத்தில் துவாரம் விட்டுக் கட்டுங்கள். பக்கத்து வீட்டாரிடம் முதலில் சொல்லுங்கள், எல்லையில் கயிறு பிடிக்கும்போது அவர்களையும் கூப்பிடுங்கள். மேற்குப் பக்கம் வேம்போ மாமரமோ நட்டால் கச்சான் காலத்தில் சுவர் சுடாது. கோவில் சடங்குக்கு ஒழுங்கையில் காசு சேர்க்க வந்தால் உள்ளே கூப்பிட்டு இருத்திப் பேசுங்கள், யார் யார் எந்த வீடு என்று அன்றைக்குத்தான் தெரியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டெங்குக்கு வீடு பார்க்க வரும் முன்னரே கூரைப் பீலியையும் சிரட்டைகளையும் பாருங்கள். மாரியில் நுளம்பு பெருகினால் ஒரு வீட்டோடு நிற்காது.

எங்கள் மதில் நான்கடி. உயர்த்தச் சொல்லிப் பலர் சொன்னார்கள், அம்மா விடவில்லை. இப்போது அவருக்கு 78 வயது. பின்னேரம் நான்கு மணிக்குப் படலையடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் டியூசனுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் "அம்மம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் போவார்கள். யாராவது ஒருத்தி திரும்பி வரப் பிந்தினால் எனக்கு முதலில் சொல்வதும் அவர்தான்.